பூமிக்குக் குறுக்கே ஒன்பதாம் நம்பர் பஸ்

மனித குல வரலாற்றில் முதன்முறையாக, ஒரு தனி மனிதர் தம் சொந்தக் கால்களால் பூமியைக் குறுக்காகக் கடந்து மறுபக்கம் போய்ச் சேரும் மகத்தான நிகழ்ச்சி, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகால் மணிக்குக் கலங்கரை விளக்கப் பேருந்து நிறுத்தத்தில் நடைபெறும். உலகத்தார் அனைவரும் திரண்டு வருக. ஏழே முக்காலுக்கு ஒன்பதாம் நம்பர் பஸ் இருப்பதால் நிகழ்ச்சி குறித்த நேரத்தில் முடிக்கப்படும்.

இந்த அறிவிப்பைப் பத்தடிக்கு நாலடி பேனரில் அச்சடித்துக் கொடுத்தவன் நான். துறைமுக வாசலில் எனக்கு ஒரு பெயர்ப்பலகைக் கடை இருக்கிறது. பேனரில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை என்று அடித்துச் சொல்வேன். மற்ற பிழைகளுக்குக் கடை பொறுப்பல்ல.

பூமியைக் கடக்கப் போகிறவர் என் அக்காவின் கணவர். பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருடம் டைம் கீப்பராக இருந்துவிட்டு, கடைசி எட்டு மாதம் கன்ட்ரோலராகி ஓய்வு பெற்றவர். அந்த எட்டு மாதத்தை வைத்துத்தான் ஊர் இன்றைக்கும் அவரைக் கன்ட்ரோலர் என்கிறது. வேறு எப்படிக் கூப்பிட்டாலும் அவருக்குக் காது கேட்பதில்லை.

ஓய்வு பெற்ற மாதமே சர்க்கரை வந்துவிட்டது. "தினம் நாலு கிலோமீட்டர் நடங்க" என்றார் டாக்டர். வேறு யாராக இருந்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். அத்தான் ஒரு பேரவை அமைத்தார். கடற்கரை அதிகாலை நடையாளர் பேரவை. உறுப்பினர்கள் பதினான்கு பேர். தலைவர் அத்தான், அவருக்குக் கீழே துணைத் தலைவர்கள், செயலாளர்கள், இணைச் செயலாளர்கள், பொருளாளர், அமைப்பாளர்கள் என்று பன்னிரண்டு பேர். மிஞ்சிய ஒருவர் வெறும் உறுப்பினர். பேரவை தொடங்கிய இரண்டாம் மாதமே அவர் மனம் நொந்து விலகப் பார்த்தார். அவசரமாகக் கூடி அவரைக் கௌரவ ஆலோசகராக்கி நிறுத்தி வைத்தார்கள்.

நாலு கிலோமீட்டர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க அத்தானுக்கு டேப் எதுவும் தேவைப்படவில்லை. டிக்கெட் போடுவதற்காக ஒவ்வொரு பஸ் பாதையையும் ஸ்டேஜ் ஸ்டேஜாகத் துண்டு போட்டு வைத்திருப்பார்கள். ஊரில் ஓடும் பதினேழு வழித்தடங்களின் ஸ்டேஜ் பட்டியலும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

"துறைமுக வாசல்லேர்ந்து லைட்ஹவுஸ், ஒன்பதாம் நம்பர், ரெண்டு ஸ்டேஜ். ஸ்டேஜுக்கு ரெண்டு கிலோமீட்டர். ஆக நாலு. டிபார்ட்மென்ட் பட்டியல். மாத்த முடியாது" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அன்றிலிருந்து பதினான்கு பேரும் காலை ஆறரைக்குத் துறைமுக வாசலில் கூடி, கடற்கரைச் சுவரோரமாக நடந்து, ஏழேகாலுக்குக் கலங்கரை விளக்கத்தை அடைவார்கள். வழியில் மீன் சந்தைக்காரர்களுக்கு வணக்கம் சொல்வது, படகு என்ஜின் பட்டறை முன்னால் நின்று ஒரு யோசனை சொல்வது, எதிரே வரும் நாயை வழிமறித்து அதன் பழைய சொந்தக்காரரைப் பற்றி விவாதிப்பது, இதெல்லாம் போக நாற்பத்தைந்து நிமிடத்தில் நாலு கிலோமீட்டர். தங்கள் வேகத்தில் அவர்களுக்கே ஒரு மலைப்பு உண்டு. "நம்ம வயசுக்கு இது ஓட்டம்தான் சார்" என்று ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்வார்கள்.

திரும்பி வருவது ஒன்பதாம் நம்பர் பஸ்ஸில். நடையாளர் யாரும் திரும்பி நடப்பதில்லை.

மொத்தத்தையும் பூமி அளவுக்குக் கொண்டுபோனவர் பேரவையின் முதல் துணைத் தலைவரான பூகோள சார். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பூமியை உருட்டிக் காட்டியவர். தலைவர் நடந்த தூரத்தைப் பூமியின் சுற்றளவோடு ஒப்பிட்டால் என்ன என்று ஒரு நாள் அவருக்குத் தோன்றிவிட்டது. கணக்குப் போட்டதில், தினம் நாலு கிலோமீட்டர் வீதம் சுற்றி முடிக்க இருபத்தேழு வருடம் ஆகும் என்று வந்தது. கூட்டத்தில் ஒரு சோகம் பரவியது.

"அதுவரைக்கும் நாம இருக்கணுமே சார்" என்றார் கௌரவ ஆலோசகர்.

"சுத்திப் போனாத்தானே இருபத்தேழு வருஷம்? குறுக்கே போனா?" என்றார் பூகோள சார்.

குறுக்கே போனால் பன்னிரண்டாயிரத்து எழுநூற்று நாற்பத்திரண்டு கிலோமீட்டர். அதாவது மூவாயிரத்து நூற்று எண்பத்தாறு நடை. மழை நாள், கல்யாண நாள் எல்லாம் கழித்தாலும் ஒன்பது வருடத்தில் முடிந்துவிடும். யாரும் போகாத வழி. போட்டியும் கிடையாது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அத்தான் தினமும் நடையை ஒரு டயரியில் குறித்துக்கொண்டு வந்தார். அந்த மூவாயிரத்து நூற்று எண்பத்தாறாவது நடைதான் மேற்படி ஞாயிற்றுக்கிழமை.

அதற்கு முந்தைய புதன்கிழமை நகராட்சி ஓவர்சியர் என் கடைக்கு வந்தார். இளம் வயதுப் பெண். அளக்காமல் எதையும் நம்பாதவர். நான் உட்காரச் சொன்ன ஸ்டூலைக்கூட ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"பீச் சுவர்ல நூறு மீட்டருக்கு ஒரு நம்பர் எழுதணும் சார். நடக்கறவங்களுக்கு எவ்வளவு தூரம் வந்தோம்னு தெரியணும் இல்ல? சனிக்கிழமைக்குள்ள முடிச்சுடுங்க. ஞாயித்துக்கிழமை ஏதோ நடையாளர் விழாவாமே, அன்னைக்கே திறந்து வெச்சுடலாம்."

நல்ல யோசனை என்றேன். அப்போது எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

அன்று மதியமே அளக்கப் போனோம். துறைமுக வாசலில் ஓர் ஆணியடித்து டேப்பை மாட்டி, அவர் முன்னால் போக, நான் பின்னால் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே போனேன். இடுப்பு உயரச் சுவர். உப்புக் காற்று தின்று சில இடங்களில் செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. மீன் சந்தையின் பின்கதவு நானூறு. படகுப் பட்டறை தொள்ளாயிரம். கழிவு நீர் வாய்க்கால் பாலம் ஆயிரத்து முந்நூறு. அங்கேயே எனக்குக் கணக்கு இடித்தது. ஏனென்றால் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. அதன் கதவில் தொங்கும் பூட்டுகூடத் தெரிந்தது.

கலங்கரை விளக்க நிறுத்தத்தில் டேப் சரியாக இரண்டாயிரம் காட்டியது.

"என்ன சார், மூஞ்சி இப்படி ஆயிடுச்சு?" என்றார் ஓவர்சியர்.

"இன்னொரு தடவை அளக்கலாமா?"

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இப்படி ஒரு வேண்டுகோளை அதுவரை எந்தப் பெயின்டரும் அவரிடம் வைத்ததில்லை போலும். திரும்ப அளந்தோம். அப்புறம் அவராகவே ஆசைப்பட்டு மூன்றாம் முறையும் அளந்தோம். இரண்டாயிரம்.

யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு மர்மமும் இல்லை. பஸ் கடற்கரையோரமாகப் போவதில்லை. துறைமுக வாசலில் திரும்பி, ஐஸ் தொழிற்சாலை, ஆஸ்பத்திரி, கோர்ட், ரயில்வே கேட், மார்க்கெட் என்று ஊரை ஒரு வலம் வந்துவிட்டுத்தான் கடலுக்குத் திரும்புகிறது. நாலு கிலோமீட்டர் நாலு கிலோமீட்டர்தான், பஸ்ஸுக்கு. அத்தான் நடந்ததோ சுவரோரம், நேர்க்கோட்டில். முப்பத்திரண்டு வருடம் ஊரைப் பஸ் பட்டியல் வழியாகவே பார்த்த மனிதருக்கு, பஸ் போகாத இடத்துக்கும் ஒரு தூரம் இருக்கும் என்று தோன்றவேயில்லை. அவர் சொன்னபிறகு மற்ற பதின்மூன்று பேருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. நான் அந்தப் பாதையிலேயே குடியிருக்கிறவன்.

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா வீட்டில் மூன்று அறைகள். முன்னறையில் மகள் நடத்தும் டியூஷன். இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஏழாம் வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டிருந்தார்கள். நடு அறையில் மகன் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் வழியாக எந்த நாட்டுக்காரனிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். மூன்றாம் அறையில் அத்தான், ஞாயிற்றுக்கிழமைக்கான ஏற்புரையைக் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் பூமிக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்" என்பது மட்டும் கதவு வழியாகத் திரும்பத் திரும்பக் கேட்டது. அக்கா பின்பக்கம், துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளுக்கென்று இருந்த இடம் அதுதான்.

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். மடித்த சட்டையை மடியிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அவருகிட்ட சொல்லிட்டியா?"

"இல்லக்கா."

"சொல்லாதே."

"பெருமை போயிடும்னு பாக்கறியா?"

"அவரு பெருமை எங்கேடா போகும்? உலக்கையால இடிச்சாலும் போகாது. என் பஸ் போயிடும்டா."

எனக்குப் புரியவில்லை. அக்கா விளக்கினாள். தினமும் காலையில் அவள் ஃபிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு ஒன்பதாம் நம்பரில் கலங்கரை விளக்கத்துக்குப் போவாள். அத்தான் வந்து டீ குடித்ததும் இருவரும் சேர்ந்து அதே நம்பர் பஸ்ஸில் திரும்புவார்கள். இது எனக்கும் தெரிந்ததுதான். டீக்காகப் போகிறாள் என்று நினைத்திருந்தேன்.

"வீட்டுல பேச முடியுதா, நீயே சொல்லு. இந்தப் பக்கம் வாய்ப்பாடு. அந்தப் பக்கம் மீட்டிங். நான் தும்மினா எந்த ஊர்லயோ ஒருத்தன் 'ஹலோ ஹலோ'ங்கறான். முப்பத்திரண்டு வருஷம் ஊர்ல இருக்கற பஸ்ஸையெல்லாம் டயத்துக்கு அனுப்பினாரே உங்க அத்தான், ஒரு நாள் என் பக்கத்துல உட்கார்ந்து பஸ்ல வந்திருப்பாரா? இப்பத்தான் வர்றாரு. அரை மணி நேரம். வீட்டுல அவரு தலைவர். பஸ்ஸுல பக்கத்து சீட்டு. எனக்கு அந்தப் பக்கத்து சீட்டுதான்டா வேணும்."

"அது எப்படிப் போகும்?"

"ரெண்டு கிலோமீட்டர்தான்னு தெரிஞ்சா என்ன செய்வாரு? டாக்டர் நாலுன்னு சொல்லியிருக்காரு. போக ரெண்டு, வர ரெண்டுன்னு திரும்பி நடக்க ஆரம்பிச்சுடுவாரு. நான் இந்த முட்டியை வெச்சுக்கிட்டு ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கிட்டு அவரு பின்னாடி ஓடவா?"

நியாயம்தான். அத்தான் எதையும் பாதியில் விடுகிறவர் அல்ல. அதுதான் அவரிடம் எல்லோருக்கும் உள்ள கஷ்டம்.

"நம்பரை எழுதாதே" என்றாள் அக்கா.

"நகராட்சி வேலைக்கா."

"வெள்ளை பெயின்ட் தீந்துடுச்சுன்னு சொல்லு."

மறுநாள் அப்படியே சொன்னேன். ஒரு மணி நேரத்தில் ஓவர்சியர் ஆபீஸ் ஜீப்பில் நாலு டப்பா வெள்ளைப் பெயின்ட்டோடு வந்து இறங்கினார். சுவரில் உப்பு பூத்திருக்கிறது, பெயின்ட் ஒட்டாது என்றேன். இரண்டு ஆட்களை அனுப்பிக் கம்பி பிரஷ்ஷால் சுவரைத் தேய்த்துக் கழுவி வைத்தார். நகராட்சியில் இவ்வளவு வேகமாக ஒரு வேலை நடந்து நான் பார்த்ததில்லை. நடக்கக் கூடாது என்று நாம் வேண்டிக்கொள்ளும் வேலைகளுக்கு மட்டும் அந்த வேகத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை மதியம் தகர அச்சுகளை எடுத்துக்கொண்டு போனேன். நூறு, இருநூறு, முந்நூறு. எல்லா எண்ணும் இரண்டு சைபரில் முடிவதால் சைபர் அச்சு மட்டும் பெயின்ட் ஏறி ஏறிக் கனத்துப் போனது. அலகு போடவில்லை. மீட்டர் என்று எழுத ஓவர்சியர் சொல்லவில்லை, நானாகக் கேட்கவுமில்லை. கடைசி எண்ணை எழுதிக் காய்ந்ததும், அதன் மேலேயே விழா பேனரை இழுத்துக் கட்டினேன். "பூமியைக் கடந்த புகழாளர்" என்பதற்குப் பின்னால் இரண்டாயிரம் மறைந்துகொண்டது. மற்ற பத்தொன்பது எண்களை என்ன செய்வது என்று தெரியவில்லை. நடையாளர்கள் பேசிக்கொண்டே போகிறவர்கள். சுவரையா பார்க்கப் போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் நடந்தேன். அத்தானுக்கும் சுவருக்கும் நடுவில் என்னைச் செருகிக்கொண்டேன். என் உடம்பு அந்தக் காரியத்துக்குப் போதுமானது.

"என்ன மாப்ளே, இன்னைக்கு ஒட்டிக்கிட்டே வர்றே?" என்றார் அத்தான்.

"பெரிய நாள் இல்லையா அத்தான்."

அவருக்கு அது போதுமாக இருந்தது. வெள்ளைச் சட்டை, புது கேன்வாஸ் ஷூ, நெஞ்சில் 'தலைவர்' என்ற பட்டை. பூமியின் மறுபக்கத்தில் யாராவது கேட்டால் காட்டுவதற்காக இருக்கும்.

பின்னால் வந்தவர்கள் எழுநூறில் நின்றுவிட்டார்கள்.

"எழுநூறு? இது என்னப்பா புதுசா?"

"கரண்ட் கம்ப நம்பரா இருக்கும்."

"கம்பம் எங்கே இருக்கு?"

"இனிமே நடுவாங்க."

பூகோள சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சுவரைப் பரிசோதித்தார். "கடல் மட்டத்திலேர்ந்து உயரம்" என்று தீர்ப்பளித்தார். எல்லோரும் "ஓ" என்றார்கள். ஆக, நாங்கள் எழுநூறு மீட்டர் உயரத்தில் நின்றுகொண்டிருந்தோம். அலை வந்து ஒரு இணைச் செயலாளரின் ஷூவை நனைத்துவிட்டுப் போனது.

அங்கிருந்து ஏறிக்கொண்டே போய், ஆயிரத்துத் தொள்ளாயிரம் உயரத்தில் கலங்கரை விளக்கத்தை அடைந்தோம். மைக் செட் தயாராக இருந்தது. முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா, மடியில் ஃபிளாஸ்க்கோடு. என்னைப் பார்த்து, ஆயிற்றா என்பது போல் புருவத்தை உயர்த்தினாள். பரவாயில்லை என்று தலையசைத்தேன். இன்னும் அரை மணி நேரம். பிறகு பஸ் வந்துவிடும்.

அப்போது ஓவர்சியரின் குரல் கேட்டது.

"யாரு சார் இது, நம்பர் மேல பேனரைக் கட்டினது?"

கேட்டுக்கொண்டே கயிற்றை அவிழ்த்துவிட்டார். பேனர் ஒரு பக்கமாகச் சரிந்தது. 2000 வெளியே வந்தது. என் கையால் எழுதியது. ரொம்ப அழகாக இருந்தது.

"ரெண்டாயிரம் என்னம்மா?" என்றார் அத்தான்.

"மீட்டர் சார். துறைமுக வாசல்லேர்ந்து இங்க வரைக்கும். மூணு தடவை அளந்தோம்" என்றார் ஓவர்சியர், பாராட்டை எதிர்பார்த்து.

அத்தான் எண்ணைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். வந்த வழியைப் பார்த்தார். துறைமுக வாசல் அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. என் கடைப் பெயர்ப்பலகைகூடத் தெரிந்தது. ஒன்பது வருடமாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

"ஸ்டேஜ் பட்டியல்ல நாலு கிலோமீட்டர்" என்றார் மெதுவாக.

"அது பஸ்ஸுக்கு சார். அது ஊரைச் சுத்தி வருது இல்ல?"

மைக் கொஞ்சம் கூவியது. பூகோள சார் ஒரு துண்டுத் தாளை எடுத்துப் பெருக்கினார். அவர் அதைச் செய்திருக்கவே வேண்டாம்.

"ஆறாயிரத்து முந்நூற்று எழுபத்திரண்டு. தலைவர் இப்போ பூமியோட மையத்தைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் போயிருக்காரு."

"அங்க ரொம்ப சூடா இருக்குமே சார்" என்றார் கௌரவ ஆலோசகர் கவலையோடு.

அத்தான் 'தலைவர்' பட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். ஒன்பது வருடம் கேலி செய்திருக்கிறேன். ஆனால் அந்த மனிதர் ஒரு நாள்கூட ஏமாற்றவில்லை. காய்ச்சலோடு நடந்திருக்கிறார், சுளுக்கோடு நடந்திருக்கிறார். தப்பாக நடந்தாரே தவிர நடக்காமல் இருந்ததில்லை.

அவர் மைக்கைப் பிடித்தார்.

"தப்பு என்னோடது. டாக்டர் நாலு கிலோமீட்டர் சொன்னாரு. நான் ரெண்டுதான் நடந்திருக்கேன். இன்னையிலேர்ந்து நான் திரும்பியும் நடந்தே போறேன். போக ரெண்டு, வர ரெண்டு. மிச்சப் பூமியையும் கடந்து காட்டறேன். பேரவை உறுப்பினர்களும் என்னோட..."

பதின்மூன்று முகங்களும் வெளுத்துப் போனதைப் பார்க்க வேண்டுமே! பொருளாளர் அப்போதே முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம்" என்றாள் அக்கா.

அவள் எழுந்திருக்கவில்லை. மைக்கையும் கேட்டு வாங்கவில்லை. டீயைக் கப்பில் ஊற்றிக்கொண்டே பேசினாள்.

"நடந்து வந்ததை மட்டும் ஏன் கணக்குல வெக்கறீங்க? திரும்பிப் போறதும் இதே உடம்புதானே? அதை மட்டும் கழட்டி வெச்சுட்டா பஸ்ல ஏறுறீங்க?"

"அது பஸ் போற தூரம்" என்றார் அத்தான்.

"பஸ் போனா நீங்க போகலியா? அப்புறம் எப்படித் தினமும் வீட்டுக்கு வந்து சேர்றீங்க?"

அத்தான் பூகோள சாரைப் பார்த்தார். பூகோள சார் தாளைப் பார்த்தார். ஓவர்சியர் எதையோ சொல்ல வாயெடுத்தார். பொருளாளர் அவர் கையில் அவசரமாக ஒரு மாலையைத் திணித்துவிட்டார்.

"பட்டியல்ல பஸ் தூரம் எவ்வளவு?" என்றாள் அக்கா.

"நாலு" என்றார் அத்தான். குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. "நாலு கிலோமீட்டர். டிபார்ட்மென்ட் பட்டியல். அதுல ஒரு மீட்டர் கூடக் குறையாது."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"டாக்டர் நடக்கச் சொன்னாரே?"

"ஒன்பது வருஷமா ரெண்டுலயே சர்க்கரை அடங்கித்தானே இருக்கு? இப்ப நாலு நடந்து அதை வேற குழப்பணுமா? டீ ஆறுது, குடிங்க."

அவசரக் கூட்டம் அங்கேயே நின்ற நிலையில் கூடியது. திரும்பும் பயணம் நடையின் பிரிக்க முடியாத பகுதி என்றும், பஸ்ஸில் வராதவருடைய நடை முழுமையடையாது என்றும், இது பேரவை தொடங்கிய நாளிலிருந்தே அமலுக்கு வருவதாகவும் பொருளாளர் முன்மொழிந்தார். வழிமொழிய எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கை தூக்கினார்கள். பேரவை வரலாற்றில் இவ்வளவு உணர்ச்சிகரமான தீர்மானம் நிறைவேறியதில்லை. கௌரவ ஆலோசகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பூகோள சார் தாளின் மறுபக்கத்தைத் திருப்பினார். நடை இரண்டு, பஸ் நாலு, ஆக ஆறு. மூவாயிரத்து நூற்று எண்பத்தாறால் பெருக்கினால் பத்தொன்பதாயிரத்து நூற்றுப் பதினாறு. தலைவர் பூமியை எப்போதோ கடந்துவிட்டார் என்று மைக்கில் அறிவித்தார். கைதட்டல் அடங்கியதும், அவர் மறுபக்கம் வெளியே வந்து, திரும்ப உள்ளே நுழைந்து, மையத்தைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் வந்துகொண்டிருப்பதாகவும் சேர்த்துக்கொண்டார். அதைக் கேட்கத் தலைவருக்கு நேரமில்லை. பட்டையை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார்.

ஓவர்சியர் மாலை போட்டார். போடும்போது என் பக்கம் திரும்பி, "சார், இது சரியா?" என்று கேட்டார்.

"சுவர்ல இருக்கறது சரிம்மா" என்றேன்.

ஏற்புரை ஆரம்பிக்கும் முன் பஸ் வந்துவிட்டது. பூமிக்கு அவர் பட்ட கடமை சொல்லப்படாமலே நின்றது. ஒன்பதாம் நம்பர் யாருக்காகவும் நிற்காது. அப்படி நிற்கக் கூடாது என்று டிப்போவில் விதி எழுதி வைத்தவரே அத்தான்தான். பதினான்கு பேரும் முண்டியடித்து ஏறினார்கள். கண்டக்டர் மாலையைப் பார்த்துவிட்டு, "என்ன கன்ட்ரோலர் சார், அறுபதாம் கல்யாணமா?" என்று கேட்டார்.

இடப்பக்கம் மூன்றாவது வரிசை. ஜன்னலோரம் அக்கா, பக்கத்து சீட்டில் அத்தான், மாலையோடு. நான் வேண்டுமென்றே அவர்களுக்குப் பின் சீட்டைப் பிடித்தேன். ஒட்டுக் கேட்பது தப்புதான். ஆனால் இந்த அரை மணி நேரத்துக்காக நான் நகராட்சியிடம் இரண்டு பொய் சொல்லி, ஒரு பேனரைக் கோணலாகக் கட்டியிருக்கிறேன். முப்பத்திரண்டு வருடமாகச் சேர்ந்து கிடக்கும் பேச்சில் எனக்கு ஒரு வாய் கிடைத்தால் போதும் என்று முன்னால் சாய்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன்.

பஸ் கிளம்பியது. கடல் காற்று ஜன்னல் வழியாக வந்தது. மார்க்கெட்டில் ஒரு கூட்டம் ஏறியது, ஒரு கூட்டம் இறங்கியது. அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அத்தான் தொண்டையைச் செருமினார்.

"பின்பக்கக் குழாய் ஒழுகுது" என்றாள் அக்கா.

"ம்" என்றார் அத்தான்.

ரயில்வே கேட் வருவதற்குள் இருவரும் தூங்கிவிட்டார்கள்.